மூத்தவருக்கா, பாடுபட்டவருக்கா? மேங்க்ஸ் பண்ணை நிலம் பிள்ளைங்க கைக்கு வர்றது பத்தி

கேள்வி கேட்டவங்க நம்ம ஊர்லேர்ந்து ஐல் ஆஃப் மேன் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவங்க, மேங்க்ஸ்னா அந்தத் தீவைச் சேர்ந்ததுன்னு அர்த்தம். மாமனார் மாமியாருக்கு தீவோட வடக்குப் பக்கம் மாடு, ஆடு, கொஞ்சம் பார்லின்னு ஒரு பண்ணை. மூணு பிள்ளைங்க, மூத்தவர் லண்டன்ல இருக்கார், கடைசிப் பொண்ணு தீவோட தலைநகர் டக்ளஸ்ல டீச்சர், நடுவுல உள்ளவர்தான் இவங்க வீட்டுக்காரர், படிப்பு முடிச்சதுலேர்ந்து பண்ணையிலேயே கிடக்கறவர். கேட்டது இதுதான்: "அங்க நிலம் மூத்த பையனுக்குத்தான்னு ஒரு பழைய சட்டம் இருக்காமே, உண்மையா? வாரிசு வரியும் கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ மாமா ஒரு உயில் எழுதிட்டா போதும்தானே?"

சுருக்கமா முதல்ல சொல்லிடறேன். மூத்த பையன் சட்டம் ஒரு காலத்துல நிஜமாவே இருந்தது, இன்னைக்கு இல்ல. வாரிசு வரி இல்லங்கறதும் உண்மை. ஆனா உயில் மட்டும் போதாது. நான் டக்ளஸ்ல சொத்து, ப்ரோபேட் (உயிலைக் கோர்ட்ல உறுதி பண்றது) கணக்கு வேலை பல வருஷம் பார்த்தவன், வரியால உடைஞ்ச பண்ணைக் குடும்பம்னு ஒண்ணு கூட நான் பார்த்ததில்ல, பேசாம விட்டதால உடைஞ்சதைத்தான் பார்த்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், உங்க மாமா மனசுல என்ன ஓடுதுன்னு புரியணும்னா அந்தத் தீவோட நிலக் கதை கொஞ்சம் தெரிஞ்சாகணும்.

ஐல் ஆஃப் மேன் பிரிட்டனோட பகுதி கிடையாது, அதை மொதல்ல மனசுல போட்டுக்கணும். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல 572 சதுர கிலோமீட்டர், 84,000 பேர் சொச்சம், சொந்தமா டின்வால்ட்னு பார்லிமென்ட், சொந்த சட்டம், சொந்த கோர்ட். அங்க வக்கீலுக்கு அட்வகேட்னு பேர், ஜட்ஜுக்கு டீம்ஸ்டர்னு பேர். தீவை ஆறு ஷீடிங், பதினேழு பாரிஷ்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள ட்ரீன்னு ஒரு அளவு, ஒரு ட்ரீனை நாலா பிரிச்சா ஒரு குவார்ட்டர்லேண்ட், தீவோட சொந்த மொழியான மேங்க்ஸ்ல கெரூ. இந்த கெரூதான் ஒரு குடும்பத்துப் பண்ணை. தீவுல நடக்கற டிடி பைக் ரேஸ் பார்க்கறவங்களுக்கு கெரோமோர்னு ஒரு இடம் தெரிஞ்சிருக்கும், பெரிய கால்பங்கு நிலம்னுதான் அதுக்கு அர்த்தம். அதே மாதிரி பல்லான்னு ஆரம்பிக்கற ஊர்ப் பேர் தீவு முழுக்க கொட்டிக் கிடக்கும், பல்லாகுவேல்னா குவேல் வீட்டுக்காரங்க இடம், பல்லாகெர்மீன்னா கெர்மீன் வீட்டுக்காரங்க இடம். குடும்பப் பேரே நிலத்துக்குப் பேரா ஒட்டிக்கிச்சு, அந்தக் குடும்பம் போனப்புறமும் பேர் போகல. உங்க மாமாகிட்ட நிலத்தைப் பத்திப் பேசும்போது அவர் சொத்து மதிப்பைப் பத்தி யோசிக்கறார்னு நினைச்சுடாதீங்க, அவருக்கு அது பேரு மாதிரி.

பழைய காலத்துல இந்த நிலம் கை மாறினது எப்படின்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். பத்திரம் கிடையாது. கோர்ட் கூடும், டீம்ஸ்டர் உக்காந்திருப்பார், நிலத்தை விடறவர் ஒரு வைக்கோல் துரும்பை எல்லார் முன்னாடியும் கொடுப்பார், எடுத்துக்கறவர் வாங்கிக்குவார். அவ்வளவுதான். இதுக்கு வைக்கோல் உரிமைன்னே பேரு. அப்புறம் தீவை ஆண்ட பிரபுவோட கணக்குப் புத்தகத்துல யார் விட்டாங்க யார் எடுத்தாங்கன்னு லத்தீன்ல ஒரு வரி ஏறும், அந்தக் கணக்கு வரிசைக்கு லிபர் வஸ்தாரும்னு பேரு, 1500கள்லேர்ந்து இருக்கற அந்தப் பழைய கணக்குகளை இன்னைக்கும் டக்ளஸ்ல இருக்கற மேங்க்ஸ் மியூசியத்து நூலகத்துல தேடிப் பார்க்கலாம், தன் குடும்ப வேர் தேடறவங்க மொதல்ல போய் உக்கார்ற இடமே அதுதான். அப்பா பேருக்குக் கீழ மகன் பேர், மகன் பேருக்குக் கீழ பேரன் பேர்னு சில பண்ணைகளுக்கு முந்நூறு வருஷம் வரைக்கும் போகும்.

துரும்புன்னா லேசா நினைக்காதீங்க. அதுல முக்கியமான சங்கதி அது நாலு பேர் பார்க்க நடந்ததுதான். யாருக்கு நிலம்ங்கறது ஊருக்கே தெரியும், கூடப் பொறந்தவங்களுக்கு நேராத் தெரியும், யாரும் செத்தப்புறம் பெட்டியைத் திறந்து பார்த்து அதிர்ச்சி ஆகறதில்ல.

இந்த உரிமையைப் பிடுங்கப் பார்த்த கதையும் சொல்லணும், ஏன்னா அதோட காயம் இன்னும் தீவுல இருக்கு. 1405லேர்ந்து ஸ்டேன்லி குடும்பம்தான் தீவுக்குப் பிரபு. 1643ல அந்தக் குடும்பத்து ஏழாவது டெர்பி பிரபு வந்து, உங்க நிலம் எதுவும் உங்களோடது இல்ல, எல்லாம் என்னோடது, வேணும்னா குத்தகைக்கு எடுத்துக்கங்கன்னு ஆரம்பிச்சார். குத்தகைன்னா 21 வருஷம், இல்லாட்டி மூணு உயிர் கணக்கு. மூணு உயிர்னா, பத்திரத்துல மூணு பேர் பேர் எழுதுவாங்க, அந்த மூணு பேர்ல கடைசி ஆள் உயிரோட இருக்கற வரைக்கும் நிலம் உங்களுக்கு, அவர் போனா நிலமும் போச்சு. யோசிச்சுப் பாருங்க, தாத்தா காலத்துலேர்ந்து உழுத நிலத்துல பேரன் உக்காந்து, அடுத்தவன் எப்ப சாவான்னு கணக்குப் போடணும். ஜனங்க கொதிச்சுப் போனாங்க. 1651ல பிரபு இங்கிலாந்துல ராஜாவுக்காக சண்டை போடப் போன நேரம் தீவுல கலகம் வெடிச்சது, அதுக்குத் தலைவர் வில்லியம் கிறிஸ்டியன், மேங்க்ஸ்ல இல்லியம் தோன்னு சொல்வாங்க. அவங்க குடும்பத்து நிலம் ரொனால்ட்ஸ்வே, இப்போ நீங்க ஃப்ளைட்ல வந்து இறங்கற ஏர்போர்ட் இருக்கற இடம். இங்கிலாந்துல கவிழ்ந்திருந்த ராஜா ஆட்சி திரும்பினதும் 1663 ஜனவரி 2ஆம் தேதி கேசில்டவுன் பக்கத்துல ஹேங்கோ ஹில்ல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. இன்னைக்கும் ஒவ்வொரு ஜனவரி 2ஆம் தேதியும் அந்த இடத்துல ஜனங்க கூடி நின்னு மேங்க்ஸ் மொழியில பேசறாங்க, கடல் காத்து முகத்துல அறையும், அப்பவும் நிப்பாங்க.

அதுக்கப்புறம் நாப்பது வருஷம் இழுபறி. கடைசியில பிஷப் தாமஸ் வில்சன் நடுவுல நின்னு பேசி 1704ல ஆக்ட் ஆஃப் செட்டில்மென்ட் வந்தது. நிலம் முன்னோர்கிட்டேர்ந்து வாரிசுக்குப் போகும், வாடகையும் கைமாறும்போது கட்டற தொகையும் நிலையானது, பிரபு இஷ்டத்துக்கு ஏத்த முடியாதுன்னு எழுதி வெச்சாங்க. தீவுக்காரங்க இதை மேங்க்ஸ் மேக்னா கார்ட்டான்னே சொல்வாங்க. அவங்க உரிமைச் சாசனம்னு கொண்டாடறதே பிள்ளைக்கு நிலம் கொடுக்கற உரிமையைத்தான், இது ஒண்ணு போதும் அந்த ஊரைப் புரிஞ்சுக்க.

சரி, வாரிசு யாரு? இங்கதான் உங்க முதல் கேள்வி வருது. பழைய வழக்கப்படி குவார்ட்டர்லேண்ட் மூத்த மகனுக்கு. மகனே இல்லாட்டி மூத்த மகளுக்கு, பங்காளி வீட்டு ஆம்பளைக்கு இல்ல, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பரம்பரையா வந்த நிலத்தை அப்பா தன் இஷ்டப்படி உயில்ல வேற யாருக்கும் எழுதவும் முடியாது, தானா சம்பாதிச்சு வாங்கின நிலம்னா வேற கணக்கு. பழைய மேங்க்ஸ் உயில்கள்ல பிள்ளைக்கு ஆறு பென்ஸ்னு, அதாவது வெறும் சில்லறைக் காசு, அடிக்கடி வரும். முதல் தடவை படிக்கறவங்க அப்பாவுக்கு அந்தப் பிள்ளை மேல கோவம்னு நினைப்பாங்க. கோவம் கிடையாது, உன்னை மறக்கல, உன் பங்கு முடிஞ்சுதுன்னு காட்டத்தான் அந்த ஆறு பென்ஸ், மேற்கொண்டு உரிமை கேட்டு வர முடியாது. மூத்தவனுக்கு எப்படியும் நிலம் வரப்போகுது, அதனால மாடு, ஆடு, பானை சட்டி, படகுல பங்கு இதெல்லாம் மத்தவங்களுக்குன்னு ஒரு நியாயம் அதுக்குள்ள இருந்தது.

மனைவிக்குப் பாதி. இது இங்கிலாந்துல அந்தக் காலத்துல இல்லாத உரிமை. வீட்டுப் பொருள்ல பாதி மனைவியோடது, புருஷன் உயிரோட இருக்கும்போதே அவங்க தன் பாதிக்கு உயில் எழுதலாம், அவங்க முன்னாடி போயிட்டா அந்தப் பாதி பிள்ளைங்களுக்குப் போகும். நிலத்துலயும் விதவைக்குப் பங்கு உண்டு. வடக்குப் பக்கப் பொண்ணுங்களுக்குப் பாதி, தெற்குப் பக்கத்துக்கு மூணுல ஒண்ணுதான்னு ஒரு காலத்துல இருந்ததாச் சொல்வாங்க, அதுக்கு ஒரு கதையும் உண்டு. 1098ல சாண்ட்வாட்னு ஒரு இடத்துல வடக்கும் தெற்கும் மோதினப்போ வடக்குப் பொண்ணுங்க களத்துல இறங்கி ஜெயிக்க வெச்சாங்களாம், அதுக்குப் பரிசுதான் அந்தப் பாதி. கதைதான், ஆனா உங்க மாமியார் வடக்குப் பக்கத்தவங்கன்னா கேட்டுப் பாருங்க, சந்தோஷமா சொல்வாங்க.

மூத்தவனுக்கு நிலம் போயிட்டா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? மலைப்பக்கம் பொதுநிலத்துல கொஞ்சம் வேலி போட்டு எடுத்துக்கற துண்டுக்கு இன்டாக்னு பேரு, அதுல குடிசை போட்டு நாலு ஆடு வெச்சுக்குவாங்க, கோடை ஆனா ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போவாங்க. தெற்குக் கோடியில கிரெக்னீஷ் கிராமம் போனீங்கன்னா இந்த வாழ்க்கையைக் கண்ணால பார்க்கலாம், அங்க ஹாரி கெல்லி இருந்த ஓலைக்கூரை வீட்டை 1938லேர்ந்து மியூசியமா வெச்சிருக்காங்க. உள்ள குனிஞ்சுதான் போகணும், கணப்பு, கட்டில், மேஜை எல்லாம் ஒரே கையெட்டுக்குள்ள, மேல கூரை பறக்காம இருக்கக் கயிறு போட்டுச் சுவத்துல நீட்டிக்கிட்டிருக்கற கல்லுல இழுத்துக் கட்டியிருப்பாங்க. இதுலயும் பிழைக்க முடியாதவங்க கப்பல் ஏறினாங்க. 1820கள்ல கிர்க் மைக்கேல் பக்கத்துலேர்ந்தும் வடக்குப் பாரிஷ்கள்லேர்ந்தும் கூட்டம் கூட்டமா அமெரிக்காவுக்குப் போய் ஓஹையோல கிளீவ்லேண்ட் பக்கம் குடியேறினாங்க. அவங்க விட்டுட்டுப் போன வீடுங்க இன்னும் மலைச்சரிவுல கூரை இல்லாம நிக்குது, அதுக்கு மேங்க்ஸ்ல தோல்தன்னு பேரு, இங்கிலீஷ் பேசும்போதும் தீவுக்காரங்க இந்த வார்த்தையைத்தான் சொல்வாங்க. ஒரு தோல்தனைப் பார்த்தா அந்த வீட்டுல ரெண்டாவதா மூணாவதா பொறந்தவன் ஞாபகம்தான் எனக்கு வரும்.

இன்னொரு பழைய பழக்கம் உங்களுக்கு நேரடியா உபயோகம் ஆகும். அப்பா சாகற வரைக்கும் காத்திருக்காம, மகன் கல்யாணத்தப்பவே ஒரு ஒப்பந்தம் எழுதி பண்ணையையோ பாதியையோ மகனுக்குக் கொடுத்துடறது, பெத்தவங்களுக்கு வீட்டுல இடமும் சாப்பாடும் உறுதி பண்ணிக்கறது. அதாவது கல்யாணமும் பாகமும் பெத்தவங்க பாதுகாப்பும் ஒரே நாள்ல, ரெண்டு குடும்பமும் சாட்சியா இருக்க முடிஞ்சுடும்.

இப்ப இன்னைக்கு நிலவரத்துக்கு வர்றேன்.

இன்னைக்கு ஐல் ஆஃப் மேன்ல வாரிசு வரி இல்ல, கேப்பிட்டல் கெயின்ஸ் வரி இல்ல, ஸ்டாம்ப் டியூட்டி இல்ல, பதிவுக் கட்டணம், அட்வகேட் ஃபீஸ் இதெல்லாம்தான் செலவு. 2024 நவம்பர்ல லண்டன்ல விவசாயிங்க டிராக்டரோட வந்து போராடினாங்களே, பண்ணை நிலத்து வாரிசு வரிச் சலுகையைக் குறைச்சதுக்கு, அது பிரிட்டன் பிரச்சனை, தீவுலயே வாழ்ந்து தீவுலயே நிலம் வெச்சிருக்கறவங்களுக்கு அது கிடையாது. ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, மாமாவுக்கு இங்கிலாந்துல வீடோ முதலீடோ இருந்தா, 325,000 பவுண்டுக்கு மேல அதுக்கு பிரிட்டன் வரி வரலாம். ரெண்டாவது, 2025 ஏப்ரல் 6லேர்ந்து பிரிட்டன் ரூலே மாறிப் போச்சு, கடைசி 20 வருஷத்துல 10 வருஷம் பிரிட்டன்ல குடியிருந்தவர்னா உலகத்துல எங்க சொத்து இருந்தாலும் பிரிட்டன் வாரிசு வரிக்குள்ள வந்துடும், கிளம்பி வந்தப்புறமும் மூணுலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும் அந்த வால் தொடரும். மாமா மாமி தீவை விட்டு நகரலைன்னா அவங்களுக்குக் கவலை இல்ல. லண்டன்ல இருக்கற மூத்தவர் பேருக்கு நிலத்துல ஒரு பங்கு போச்சுன்னா, அவர் காலத்துக்கப்புறம் அந்தப் பங்குக்குப் பிரிட்டன் வரி வரலாம், மேங்க்ஸ் மண்ணா இருந்தாலும். எல்லாருக்கும் சமமாப் போட்டுடலாம்னு யோசிக்கும்போது இதை யாரும் சொல்றதில்ல.

உயில் இல்லாம போனா சட்டம் சொல்ற கணக்குப்படி மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும் பிரியும், அந்தக் கணக்குக்குப் பண்ணையில யார் விடியக்காலைல எழுந்தாங்கன்னு தெரியாது. உயில் இருந்தாலும் ப்ரோபேட் டக்ளஸ் கோர்ட்ல எடுக்கணும், பழைய பத்திரமெல்லாம் டீட்ஸ் ரெஜிஸ்ட்ரில இருக்கும், 1982 சட்டத்துல வந்த லேண்ட் ரெஜிஸ்ட்ரின்னு புதுசு ஒண்ணும் இருக்கு, நிலம் கை மாறும்போது பல பண்ணைகளுக்கு முதல் தடவையா அங்க வரைபடத்தோட பதிவு ஆகும். அப்பத்தான் வேலி எங்க, பாதை யாருக்குங்கற தலைவலியெல்லாம் வெளில வரும், அங்க வேலின்னா கல்லும் மண்ணும் போட்டு எழுப்பின கரை, மேல மஞ்சப் பூ பூக்கற கோர்ஸ் புதர், நூறு வருஷத்துல அது கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஆச்சரியம் இல்ல. 1982லயே இன்னொரு சட்டமும் வந்தது, குடும்பத்துல ஒருத்தருக்கு உயில்ல நியாயமான ஆதரவு கிடைக்கலைன்னா அவங்க கோர்ட்டுக்குப் போகலாம்னு. ஆக, உயில் எழுதிட்டா யாரும் கேக்க முடியாதுங்கறதும் சரி இல்ல.

உங்க வீட்டுக்காரர் விஷயத்துல ஒரு வழக்கு தெரிஞ்சிருக்கணும். இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் ஒரு பண்ணை. ஒருத்தர் தன் அப்பாவோட கசினுக்குக் கிட்டத்தட்ட 30 வருஷம் சம்பளமே இல்லாம வேலை செஞ்சார். அந்தப் பெரியவர் வாயைத் திறந்து "பண்ணை உனக்குத்தான்"னு சொன்னதே இல்ல, ஜாடையாத்தான் காட்டினார், 1990ல ஒரு தடவை இன்ஷூரன்ஸ் போனஸ் காகிதத்தை எடுத்து அவர் கையில கொடுத்து, இது என் சாவு வரிக்குன்னு மட்டும் சொன்னார். உயிலும் எழுதினார், அப்புறம் வேற யார் மேலயோ மனசு கசந்து அந்த உயிலையே கிழிச்சுட்டார், புதுசா எழுதாமலே 2005ல போயிட்டார். கேஸ் மேல மேல போய் 2009ல, அப்போ பிரிட்டனோட உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை, அந்த ஜாடையே வாக்குக்குச் சமம், நம்பி உழைச்சவருக்குப் பண்ணை சேரணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. இங்கிலாந்துத் தீர்ப்பு மேங்க்ஸ் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா டீம்ஸ்டருங்க அதுக்கு மதிப்பு கொடுத்துத்தான் பார்ப்பாங்க. அதனால உங்க வீட்டுக்காரருக்கு நியாயம் இருக்கு. ஆனா அந்த நியாயத்தைக் கோர்ட்ல போய் வாங்கற நிலைமைக்கு விடாதீங்க, ஜெயிச்சாலும் அண்ணன் தம்பி உறவு திரும்ப வராது, செலவுக்கே ரெண்டு வயல் போயிடும்.

நான் பார்த்த ஒண்ணு சொல்றேன், பேர் ஊர் வேண்டாம். வடக்குச் சமவெளியில ஒரு பண்ணை, அப்பா இருபது வருஷம் முன்னாடி எழுதின உயில், மூணு பிள்ளைங்களுக்கும் சமம். எழுதினப்போ மூணு பேரும் சின்னப் பிள்ளைங்க, அது நியாயம்தான். அப்புறம் ரெண்டு பேர் தீவை விட்டுப் போனாங்க, நடு மகள் மட்டும் தங்கி மாடு பார்த்தா. அம்மா போனப்புறம் அப்பா கிட்ட உயிலைப் பத்திப் பேச்சு எடுத்தா ஒரே பதில்தான், "த்ரா தி லியோர்". மேங்க்ஸ்ல நேரம் நிறைய இருக்குன்னு அர்த்தம், தீவோட அடையாளமே அந்த வார்த்தை, எல்லாரும் பாசமாத்தான் சொல்வாங்க. ஒரு பிப்ரவரி மாசம் அப்பா திடீர்னு போயிட்டார். கூடப் பொறந்தவங்க கெட்டவங்க இல்ல, ஒருத்தருக்கு வீட்டுக் கடன், ஒருத்தருக்கு பிள்ளைங்க படிப்பு, சட்டப்படி அவங்க பங்கைக் கேட்டாங்க. மகளுக்கு அவ்வளவு பணம் புரட்ட முடியல, பால் வர்ற வருமானத்துல நிலத்து விலையை எந்த பேங்கும் கொடுக்காது. நிலம் விலைக்கு வந்தது.

விற்பனைக்காக அடிச்ச வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நான்தான் போயிருந்தேன். சமையலறை மேஜை, அடுப்புக்கு முன்னாடி ரப்பர் பூட்ஸ் காய வெச்சிருந்தது, அவ டீ போட்டுக் கொடுத்துட்டு அந்தக் காகிதத்தை விரிச்சா. வயலுக்கெல்லாம் நம்பர் போட்டிருந்தது, 1, 2, 3ன்னு. அவ ஒண்ணும் பேசாம டிராயர்லேர்ந்து பென்சில் எடுத்து ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் பேர் எழுத ஆரம்பிச்சா. மேங்க்ஸ்ல வயலுக்கு மாகர்னு பேரு, மாகர் மூர்னா பெரிய வயல், தண்ணி தேங்கற சதுப்புக்கு கரா, அப்புறம் கிணத்து வயல், பாட்டி வயல். ஓரமா இருந்த ஒரு துண்டுல மட்டும் பேர் எழுதாம ஒரு சின்னச் சிலுவை போட்டா. அங்க ஒரு கீல் இருக்கு, பழங்காலத்து சின்னப் பிரார்த்தனைக் கூடத்தோட அடிக்கல்லு, அதை உழக்கூடாது, தொட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு தலைமுறை தலைமுறையா சொல்லிக்கிட்டு வந்தது. "வாங்கறவங்களுக்கு இதைச் சொல்லிடுங்க"ன்னு மட்டும் சொன்னா. வரைபடத்தை மடிச்சுக் கையில கொடுத்தா, நான் கார்ல வந்து கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணாம உக்காந்திருந்தேன்.

அதனாலதான் சொல்றேன், உயில் கடைசி வேலை, பேச்சுதான் முதல் வேலை, அதுவும் மாமா நல்லா இருக்கும்போதே, மூணு பிள்ளைங்களும் ஒரே மேஜையில இருக்கும்போது. வைக்கோல் துரும்பு கொடுத்த காலத்துல கோர்ட் பண்ணின வேலையை இப்போ அந்த மேஜை பண்ணியாகணும். சமமும் நியாயமும் ஒண்ணு இல்லங்கறதை மாமா வாயாலயே சொல்ல வைக்கணும். நிலத்தை மூணாப் பிரிச்சா மூணு பேருக்கும் பண்ணை இல்ல. நான் பார்த்ததுல நல்லபடியா முடிஞ்ச குடும்பங்கள்ல, பண்ணையில உழைக்கறவர் பேருக்கு நிலமும் மாடும் போச்சு, மத்தவங்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம், இல்லாட்டி வீடு கட்ட ஒரு மனை, இல்லாட்டி பத்துப் பதினஞ்சு வருஷத்துல தவணையா ஒரு தொகை, அதோட பின்னாடி நிலத்தை வித்தா லாபத்துல அவங்களுக்கும் பங்குன்னு ஒரு ஷரத்து. அந்த ஷரத்து ரொம்ப முக்கியம், தம்பி நிலத்தை வாங்கி நாளைக்கு பில்டருக்கு வித்துடுவானோங்கற பயம்தான் வெளில இருக்கறவங்க மனசுல உண்மையில ஓடறது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தி எழுதிட வேண்டாம். முதல்ல மாமாவும் உங்க வீட்டுக்காரரும் பார்ட்னர்ஷிப் போடலாம், பேங்க் செக்ல ரெண்டு பேர் கையெழுத்து, கணக்கு நோட்டு மகன் கையில, நிலம் இன்னும் மாமா பேர்ல. ரெண்டு மூணு வருஷம் ஓடினப்புறம் நிலம். பண்ணை வீட்டுல மாமாவும் மாமியும் கடைசி வரைக்கும் இருக்கற உரிமையைப் பத்திரத்துலயே எழுதுங்க, வாய்ச்சொல்லா விடாதீங்க, உங்க மேல நம்பிக்கை இல்லாமல் இல்ல, அவங்க ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கணும். இன்னொண்ணு, உங்களுக்கே சங்கடமா இருக்கலாம், ஆனா சொல்லித்தான் ஆகணும்: நிலம் உங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்தப்புறம் உங்க கல்யாணத்துல ஏதாவது ஆனா பண்ணை என்ன ஆகும்ங்கற கேள்வி அந்த மேஜையில எல்லார் மனசுலயும் இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களே எடுத்துப் பேசிட்டீங்கன்னா மாமியாருக்கும் நாத்தனாருக்கும் உங்க மேல இருக்கற மரியாதை வேற மாதிரி ஆயிடும். உங்களுக்குன்னு தனியா ஒரு அட்வகேட் வெச்சுக்கங்க, மாமாவோட அட்வகேட்டே எல்லாருக்கும் போதும்னு விட்டுடாதீங்க. லண்டன் சொலிசிட்டர் தனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாலும் மேங்க்ஸ் நிலத்துக்கு மேங்க்ஸ் அட்வகேட்தான்.

டீம்ஸ்டர் பதவி ஏக்கும்போது எடுக்கற உறுதிமொழி உங்களுக்குத் தெரியுமா? ஹெர்ரிங் மீனோட முதுகெலும்பு மீனுக்கு நட்ட நடுவுல இருக்கற மாதிரி, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு தீர்ப்பு சொல்வேன்னு சத்தியம் பண்ணுவாங்க, இன்னைக்கும். மேஜையில உக்கார்றதுக்கு முன்னாடி அப்படி நடுவுல நிக்கற ஒருத்தரைக் கூப்பிட்டுக்கங்க, எந்தப் பிள்ளை பக்கமும் சாயாத ஒருத்தர், மாமாவோட பழைய கூட்டாளியோ பாரிஷ் பாதிரியாரோ, பேச்சு சூடாகும்போது டீ ஊத்திக் கொடுக்கறதுக்காவது ஒருத்தர் வேணும்.

நாள் குறிக்கறதுக்கு ஒரு யோசனை. தீவுல பண்ணைக் குத்தகை ஆரம்பிக்கறதும் முடியறதும் வழக்கமா நவம்பர் 12, ஹாலன்டைட்னு சொல்வாங்க, பழைய காலண்டர்ல வருஷமே அங்கதான் புரளும். அறுப்பு முடிஞ்சிருக்கும், மாடெல்லாம் கொட்டகைக்குள்ள வந்திருக்கும், லண்டன்காரரையும் அந்த வாரம் வரச் சொல்லலாம். வயசானவங்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னா உடனே புரியும், கை மாத்தற நாள்னு அவங்க ரத்தத்துலயே இருக்கு.

அதுக்கு முன்னாடி இப்பவே ஒரு வேலை பண்ணுங்க. ஒரு மழை இல்லாத ஞாயித்துக்கிழமை மாமாவோட நிலம் முழுக்க நடந்துட்டு வாங்க, வீட்டுக்காரரும் வரட்டும், வயல் வயலா பேரைக் கேட்டு ஒரு வரைபடத்துல எழுதிக்கங்க, எது சொந்தம், எது குத்தகை, எது வாய்ப்பேச்சுல பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வாங்கினது, பாதை யார் நிலம் வழியாப் போகுது, எல்லாம். திரும்பி வந்ததும் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைக் கேளுங்க, எல்லாப் பண்ணை வீட்டுலயும் ஒண்ணு இருக்கும், பத்திரமெல்லாம் அதுலதான் கிடக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற வயல் மாமா பேர்லதான் இருக்கா, இல்ல எப்பவோ போன அவர் அண்ணன் பேர்லயே நிக்குதான்னு முதல்ல பாருங்க. பாதிக் குடும்பத்துல அங்கதான் சிக்கும்.